நேராக வர வழி

“ஏன் அண்ணே, என் பொந்தைக் கூவவே மாட்டேங்கிறீங்க?” என்று மரங்கொத்தி காகத்திடம் கத்தியது. பொந்தில் தங்கிப்போகும் பறவைகள் தரும் புழுதான் மரங்கொத்திக்கு மழைக்காலச் சாப்பாடு. எங்கே இடமிருக்கிறது என்று வழிப்பறவைகளுக்குக் கூவிச் சொல்வது காகம். இந்த வருஷம் முறையை மாற்றிவிட்டது: யார் வந்தாலும் கேட்காமல் உள்ளே விடுகிறவர்களுக்கே முதல் கூவல். மரங்கொத்தி ஒரு ஆந்தையை விடவில்லை. அவ்வளவுதான், கடைசிக்குப் போய்விட்டது.

“சரிடா, ஒரு சோளக்குருவி அனுப்புறேன். அதுகிட்ட வழிகிழி சொல்லிடாதே. அடுத்த தடவையும் என்னைக் கேட்டுத்தான் வரணும். மீறினா உன் பொந்தையே மறந்துடுவேன்.”

சோளக்குருவி வந்து தங்கியது. கிளம்பும்போது, “அடுத்த வருஷம் என் தங்கச்சியும் வர்றா. அவளுக்கு என்ன வழி சொல்ல?” என்று கேட்டது. மேல்கிளையில் காகம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

‘காகத்தைக் கேள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். “குளத்துக்குத் தெற்கே மொட்டை இலுப்பை. நேரா வரச் சொல்லு,” என்றது மரங்கொத்தி, மேல்கிளைக்கும் கேட்கிற மாதிரி.