விரிக்கிற தசை

பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. கணவரின் வலது கை இன்னும் இறுகிய முஷ்டியாகவே இருக்கிறது. தினமும் காலையில் செண்பகவல்லி வெந்நீரில் துணி நனைத்து, ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி, உள்ளங்கையின் அழுக்கைத் துடைப்பாள். விட்டதும் விரல்கள் மறுபடி சுருண்டுகொள்ளும்.

“மடக்குற தசைக்குத்தான்க்கா பலம் அதிகம். விரிக்கிற தசை பாவம், தோத்துப்போயிடும்,” என்றாள் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கும் ரெஜினா. “சாருக்கு முன்னாடி நல்ல பலமான கையா இருந்திருக்கும் போல.”

“ஆமா. பலமான கைதான்,” என்று செண்பகவல்லி துணியைப் பிழிந்தாள்.

இன்று ரெஜினா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, “விரிங்க சார், விரிங்க,” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஐந்தும் விரிந்தன. தோளும் சேர்ந்துகொள்ள, கை மெல்ல மேலே எழுந்தது.

“அக்கா, கிட்ட வாங்க. உங்க கன்னத்தைத் தொடப் பார்க்கிறார்.”

செண்பகவல்லி போகத்தான் நினைத்தாள். அதற்குள் அவள் தோள்கள் காதுவரை ஏறி, கண்கள் இறுக மூடி, முகம் தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

ரெஜினா தாங்கியிருந்த முழங்கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.