சொக்கனின் சோகப் பாட்டு

மாணவிகள் விடுதி ஒன்றில், ஜன்னலுக்கு மேலிருந்த பழைய ஏசிப் பெட்டியின் பின்னால் பிறந்தவன் சொக்கன் என்கிற மைனா. உள்ளே இருந்த பெண் எந்நேரமும் ஒரே ஆல்பத்தைத்தான் போடுவாள். அத்தனையும் காதலி விட்டுப்போன சோகப் பாட்டுகள். இறக்கை முளைப்பதற்குள் சொக்கனுக்கு எல்லாம் மனப்பாடம். மற்ற குஞ்சுகள் பூச்சி பிடிக்கப் பழகியபோது, அவன் கழுத்தைச் சாய்த்துப் பெருமூச்சு விடப் பழகினான்.

"யாருடா உன்னை விட்டுட்டுப் போனது?" என்று அம்மா பதறினாள்.

"இன்னும் யாரும் வரவே இல்லம்மா," என்றான் இன்னொரு பெருமூச்சு விட்டு.

ஒருநாள் பக்கத்து மாமரத்திலிருந்து அலமு என்கிற பெண் மைனா வந்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. சொக்கனுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் சந்தோஷத்துக்கென்று ஒரு பாட்டும் அவனுக்குத் தெரியாது. தெரிந்ததைப் பாடினான்.

"யாரு அவ?" என்று கேட்டுவிட்டு அலமு விருட்டென்று பறந்துபோனாள்.

சொக்கனுக்கு நெஞ்சு நிஜமாகவே வலித்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். தன் குரலில் இவ்வளவு உருக்கமா என்று அவனுக்கே புல்லரித்தது.

மறுநாள் அலமு திரும்பி வந்தாள்.

"உங்கம்மா எல்லாம் சொன்னாங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். கூடு கட்ட நல்ல பொந்தா பார்த்து வச்சிருக்கேன், வா."

சொக்கன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"கொஞ்சம் சும்மா இரு அலமு. நீ போனதை நினைச்சுத்தான் பாடிட்டிருக்கேன். நடுவுல வந்து கெடுக்காதே."