மூன்றாவது சென்சார்

"ஊரையே விஷவாயு வெச்சுக் கொல்லப் பாக்குறியா?"

அனக்லெட்டோ போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சண்டைச் சேவல் தன் கொக்கரக்கோவைப் பாதியில் விழுங்கியது. பத்தாங்காஸ் நகரின் அந்த வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

வேனின் ஓட்டுநர் இருக்கையில் தெயோபிஸ்டா கொதித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அது. இன்று சான்றிதழ் கிடைக்காவிட்டால் உரிமம் காலி. நாளை முதல் அவள் வழித்தடத்தில் வேறு எவனாவது ஓட்டுவான்.

"நீங்க சொன்னபடி புகைக்குழாய்ச் சென்சாரை ரெண்டு தடவை மாத்தினேன். நேத்து மூணாவதும் போட்டாச்சு. சுத்த ஒரிஜினல்!"

"ஒரிஜினலா? உன் மெக்கானிக் மத்தி மீன் டப்பாவை வெட்டிச் செஞ்சிருப்பான்."

"மெக்கானிக்கைப் பத்திப் பேசினா பல்லைப் பேத்துடுவேன். அவன் என் புருஷன்!"

வரிசை கொல்லென்று சிரித்தது. பெட்ரோல் விற்கிற விலைக்கு, வரிசையில் எல்லா வண்டியையும் விடிந்ததிலிருந்து கையால் தள்ளித்தான் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக அனக்லெட்டோ திருப்பி அனுப்பிய வண்டிகளே மறுபடியும் வந்து நின்றன. ஊரே கூட்டுச்சேர்ந்து தன்னை ஏமாற்றப் பார்க்கிறது என்று அவனுக்கு உச்சி எரிந்தது.

போதாக்குறைக்குப் பக்கத்துக் கடையில் கரோக்கி. எவனோ ஒருவன் காதல் பாட்டு ஒன்றைக் கண்டதுண்டமாக வெட்டிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் காதருகே இடி விழுந்தாலும் தெரியாது.

"இப்பப் பாரு உன் லட்சணத்தை!" அனக்லெட்டோ வேனின் புகைக்குழாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறுகையால் சோதனைக் கம்பியை உள்ளே குத்தினான். "மிதி!"

அவள் மிதித்தாள்.

"நல்லா மிதிம்மா!"

பல்லைக் கடித்துக்கொண்டு அடிவரை மிதித்தாள். திரையில் எண்கள் குரங்குபோல் தாவி ஏறின. சிவப்பு விளக்கு எரிந்தது.

"தால் எரிமலைகூட இவ்வளவு கக்காதுடியம்மா!" வரிசையைப் பார்த்துக் கையை விரித்தான் அனக்லெட்டோ. "இஞ்சின் சத்தத்தைக் கேட்டீங்களா? சாகப்போற எருமை இருமுற மாதிரி! கேக்குதா இல்லையா?"

"கேக்குது, கேக்குது" என்றான் முன்னால் நின்ற ஒரு பயந்தாங்கொள்ளி. அவன் வண்டிதான் அடுத்தது.

"அப்போ என் சென்சார்தான் கோளாறுங்கறீங்க?" என்றாள் தெயோபிஸ்டா இருக்கையிலிருந்தபடியே.

"அதுல என்ன சந்தேகம்? என் மெஷின் பொறந்ததிலேர்ந்து ஒரு பொய் சொன்னதில்ல!"

தெயோபிஸ்டா இறங்கிக் கதவை அறைந்து சாத்தியதில் வேன் குலுங்கியது. நேரே வந்து அவன் மூக்குக்கு எதிரே நின்றாள்.

"நான் இன்னும் இஞ்சினை ஸ்டார்ட்டே பண்ணலண்ணே!"