வெறும் மாவு

ரிப்போர்ட் செல்போனில் வந்து விழுந்ததும் சங்கவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்னம்மாளின் கல்லீரலில் ஒரு குறையும் இல்லை.

இதை ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. ஆராய்ச்சி மையத்திலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் குட்வில் எஸ்டேட்டில் அன்னம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கதவு திறந்தே கிடந்தது. அன்னம்மாளின் கணவர் ராஜமாணிக்கத்தின் படத்தில் மாலை இன்னும் முழுசாக வாடவில்லை. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டி ஓய்வு பெற்ற மனிதர். மஞ்சள் காமாலை என்று படுத்தவர், தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

"வாம்மா" என்றாள் அன்னம்மாள். "பக்கத்து வீட்டு பெங்காலிப் பொண்ணு சாய் கொண்டாந்து வச்சிருக்கா. எனக்கு எறங்கல. நீ குடி."

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"எனக்கு என்ன வந்தா என்ன? எதுக்கு அவ்வளவு அவசரமா வந்து ரத்தம் எடுத்தே?"

சங்கவி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இனி மறைக்க வேண்டியதில்லை.

"நாம டெஸ்ட் பண்ணிட்டிருந்தோமே, சுகருக்குக் காட்டு இலை மருந்து... அது சில பேருக்கு ஈரலைக் கெடுத்துடுச்சும்மா. நிறுத்திட்டோம்."

சோதனையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இலைச்சாறு அடைத்த கேப்சூல். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே டப்பாவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அதுவரை சங்கவிக்கே தெரியாது. மருந்தை நிறுத்திய பிறகுதான் மையத்தில் சொன்னார்கள்.

"உங்களுக்குப் போனது இலை மருந்து. தெரிஞ்சதும் பயந்துட்டேன். அதான் அன்னிக்கு ஓடி வந்து ரத்தம் எடுத்தேன்."

அன்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்கு?"

"வெறும் மாவு."

சங்கவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்திருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

"அவர் போனதுக்கு அந்த மருந்து காரணமில்லம்மா. நான்தான் அவரை வற்புறுத்தி டெஸ்ட்ல சேர்த்துவிட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதீங்களே. இனிமே அழாதீங்க."

"மாவுன்னா சொல்றே?" என்றாள் அன்னம்மாள். "ரெண்டாவது மாசம் அவருக்குச் சுகர் நல்லா எறங்கியிருந்துச்சே. நீகூட கை தட்டினியே."

"சில பேருக்கு அப்படித்தான். மருந்து சாப்பிடுறோம்ங்கிற நம்பிக்கையிலயே எறங்கும். மொத மாசமே உங்களுக்கு எறங்கினதைப் பார்த்து அவருக்கும் தெம்பு வந்திருக்கும்."

அன்னம்மாள் மறு கையால் சாய் டம்ளரை ஓரமாக நகர்த்தினாள்.

"அதுக்கப்புறம் ரங்கத்ல மக வீட்டுக்குப் போயிட்டீங்க. ரெண்டு பேருமே செக்கப்புக்கு வரல. வந்திருந்தா அவர் காமாலையையாவது முன்கூட்டியே பார்த்திருப்பேன்." சங்கவியின் கண்கள் நிறைந்தன. "எனக்கு அந்த வருத்தம் போகவே போகாதும்மா. ஆனா உங்களையாவது கடவுள் காப்பாத்தினார். அந்த மருந்தைச் சாப்பிட்டும் உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்ல."

அவள் பிடித்திருந்த கை சில்லிட்டிருந்தது. அன்னம்மாள் மெதுவாக அதை விடுவித்துக்கொண்டாள். சுவரில் இருந்த படத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினாள்.

"எனக்கு எறங்குதே, அவருக்கு எறங்கலியேன்னு மனசு கேக்கல..."

"என்னம்மா சொல்றீங்க?"

"மறு மாசத்துலேர்ந்து என் டப்பாவைத்தான் அவருக்குக் குடுத்தேன்."