கிரிவலத்தில் காமெடிச் சண்டை

இந்திர லிங்கத்தைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் கீதாஞ்சலிக்கும் கணவன் சக்திவேலுக்கும் தகராறு மூண்டுவிட்டது.

"காமெடி படம்னா கறுப்பு வெள்ளைதாங்க. இப்ப வர்றதெல்லாம் வெறும் கத்தல்!" வம்பை ஆரம்பித்தவள் கீதாஞ்சலிதான்.

"அதுக்கெல்லாம் உங்கப்பாதான் சிரிப்பாரு. தியேட்டர்ல விசில் பறக்கணும், அதான் காமெடி!" சக்திவேல் விடவில்லை.

"எங்கப்பாவ ஏன் இழுக்கிறீங்க? உங்க காமெடியனுக்கு அடி வாங்குறதத் தவிர என்ன தெரியும்?"

குபேர லிங்கம் தாண்டியும் இருவரும் இறங்கி வரவில்லை.

ராஜகோபுரத்தருகே, முன்னால் நடந்துகொண்டிருந்த மாமியார் பச்சையம்மாள் பூரிப்போடு திரும்பினார்.

"மௌன விரதம் இருங்கன்னு சொன்னது நல்லதாப் போச்சு. பதினாலு கிலோமீட்டரும் உங்களுக்குள்ள சண்டையே இல்ல, பாத்தீங்களா?"

இருவரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள்.

கீதாஞ்சலியின் முந்தானைக்குள் செல்போன் அதிர்ந்தது. சக்திவேல்தான்.

"கட்டைவிரல் வலிக்குது. மீதிய வீட்ல வாயாலயே பேசிக்கலாம்."