தடிச்ச டயர்

குசினி யன்னலால் எட்டிப் பார்த்த உதயகுமாரி அப்படியே விறைச்சுப் போனாள்.

கீழே சைக்கிள் கொட்டிலுக்குள், பக்கத்து வீட்டுப் பிலேந்திரன் குந்தியிருந்து அவளின்ரை புருசன் குலசேகரத்தின்ரை சைக்கிளுக்குக் காத்தைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்!

"அட கடவுளே! இப்பிடியும் ஒரு மனுசனோ?"

கோயில் நிர்வாகசபைத் தேர்தலோடை இரண்டு பேருக்கும் பேச்சில்லை. முந்தின வருசம் பிலேந்திரன் தடிச்ச டயர் சைக்கிள் ஒண்டு வாங்கி, ஒஸ்லோப் பனிக்குள்ளை சோக்காய் வேலைக்குப் போய்வந்தார். இரண்டாயிரத்தெட்டிலை அது இஞ்சை புதுச் சாமான். குலசேகரத்துக்குப் பொறுக்குமோ?

"அவன் ஓடேக்கை நான் ஓடேலாதோ?" எண்டு தானும் ஒண்டு வாங்கிவிட்டார். எப்பிடி ஓடுறது எண்டு அவரிட்டைக் கேக்க மட்டும் ரோசம் விடேல்லை.

கண்டதைப் புருசனிட்டைச் சொன்னால் அடிபாட்டிலைதான் முடியும். உதயகுமாரி வாய் திறக்கேல்லை. சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கி, பம்பாலை அடி அடியெண்டு அடிச்சு டயரைக் கல்லு மாதிரி ஆக்கினாள். யாழ்ப்பாணத்திலை சைக்கிள் ஓடினவளுக்கு இது தெரியாதோ?

அடுத்த நாளும் பிலேந்திரன் திறந்தார். இவளும் விடேல்லை.

"இஞ்சாரப்பா, காத்து இறங்கவேயில்லை! சாமான் எண்டால் இது சாமான்" எண்டு குலசேகரம் புளுகத்திலை சிரிச்சுக்கொண்டு வெளிக்கிட்டார்.

பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்டப் பனியிலை சறுக்கி விழுந்தார். வலக்கை முறிஞ்சுபோச்சு.

கட்டுப்போட்ட கையோடை அவர் ஆஸ்பத்திரியாலை வந்து இறங்க, முதல் ஆளாய் ஓடிவந்தது பிலேந்திரன்.

உதயகுமாரிக்குப் பத்தியெரிஞ்சுது. "காத்தைத் திறந்து ஆளை விழுத்திப்போட்டு, சுகம் விசாரிக்க வாறியளோ? வெக்கமில்லை? நான் கண்ணாலை கண்டனான்!"

பிலேந்திரன் திடுக்கிட்டுப் போனார்.

"ஐயோ தங்கச்சி! பனிக்குக் காத்துக் குறைய இருக்கோணும். அப்பத்தான் டயர் சப்பளிஞ்சு நிலத்தைப் பிடிக்கும். நானும் தொடக்கத்திலை இறுக்க அடிச்சு, விழுந்தெழும்பித்தான் பழகினனான். இவர் என்னோடை கதைக்கிறேல்லை. விழுந்து கிழுந்து போவாரெண்ட பயத்திலைதான் களவாய்க் குறைச்சுவிட்டனான்."

குலசேகரத்துக்கு ஒண்டும் விளங்கேல்லை. "ஒவ்வொரு நாளும் டயர் இறுக்கமாயெல்லோ இருந்தது?"

"அதுதானே மச்சான்! ஆரோ உம்மை விழுத்தவெண்டே திரும்பத் திரும்ப அடிச்சு வைச்சிருக்கிறான். ஆளை மட்டும் கண்டனோ, சும்மா விடமாட்டன்!"

உதயகுமாரி புருசன்ரை முறிஞ்ச கையைப் பாத்தபடி மெதுவாய்ச் சொன்னாள்.

"நான்தான், அண்ணை."