நடை ஒத்திகை

"இன்னொரு தடவை நடங்க" என்றாள் சீதா. "சுவரைப் பிடிக்காம."

மாணிக்கவாசகம் பால்கனிப் பக்கத்திலிருந்து வாசல் கதவை நோக்கி நடந்தார். டி.வி. ஸ்டாண்டு வரைக்கும் கம்பீரமாகத்தான் வந்தார். அதைத் தாண்டியதும் இடது கால் இழுத்தது, கை தானாகச் சுவரைத் தேடியது.

"இந்த நடையைப் பாத்தா போதும். கையோட கூட்டிட்டுப் போயிருவா."

"அவ நம்ம பொண்ணா, போலீஸா?" என்று கேட்டபடி நாற்காலியில் சாய்ந்தார். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

மகள் ஷண்முகப்ரியா நாளைக் காலை டொராண்டோவிலிருந்து வருகிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம், பேத்தி தீபிகாவை மட்டும் கூட்டி வருகிறாள். பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் குழந்தையையும் இழுத்துக்கொண்டு வருகிறாள் என்றால் ஏதோ முடிவு பண்ணிக்கொண்டுதான் வருகிறாள் என்று இருவருக்குமே தோன்றியது.

பங்குனியில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை மகளிடம் அவர்கள் சொல்லவில்லை. எதிர் ஃப்ளாட் கருணாகரன் அப்படித்தான் ஒரு தடவை விழுந்தார். மகன் வந்தான், ஃப்ளாட்டை விற்றான், கோயம்புத்தூர் தாண்டி ஒரு முதியோர் குடியிருப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே எல்லா வசதியும் இருக்கிறதாம். ஆனாலும் காலையில் போன் பண்ணி, "இன்னிக்கு பனகல் பார்க் போனீங்களா? யார் யார் வந்திருந்தாங்க?" என்று கேட்பார்.

சீதாவுக்கு அதைவிடப் பெரிய பயம் டொராண்டோ. ஒரு பனிக்காலம் முழுக்க அங்கே இருந்திருக்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வெள்ளை. மனுஷ முகம் ஒன்று தெருவில் தென்படாதா என்று சாயங்காலம் வரை நின்றிருக்கிறாள். திரும்பி வந்த அன்று உஸ்மான் ரோட்டு ஹாரன் சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அதனால்தான் இந்த ஏற்பாடெல்லாம். கைத்தடி பரண்மேல் போனது. மாத்திரைகள் அப்பள டப்பாவுக்குள் போயின. விழுந்த பிறகு பாத்ரூமில் மாட்டிய கைப்பிடிக் கம்பியைக்கூட பிளம்பர் முருகனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்கள்.

"மாட்டுன கம்பியை எதுக்கு சார் கழட்டுறீங்க?" என்று முருகன் கேட்டான்.

"விருந்தாளி வர்றாங்கப்பா" என்றார் மாணிக்கவாசகம்.

அன்று சாயங்காலம், வழியில் விமானம் மாறுவதற்கு முன்னால் ப்ரியா கூப்பிட்டாள். எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

"அம்மா, அந்தச் சின்ன ரூம் எவ்வளவு அகலம் இருக்கும்? தண்ணி நல்லா வருதா? பின் தெருவுல ஒரு ஸ்கூல் இருக்குமே, இன்னும் நடக்குதா?"

சீதா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு போனை வைத்தாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாணிக்கவாசகத்துக்கு அவள் சொல்லாமலே புரிந்தது.

"வெலை பேசுறவங்க கேக்குற கேள்விதான் இது. பக்கத்துல ஸ்கூல் இருந்தா ரேட்டு ஏறும்" என்றார்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாளாங்க?"

"கருணாகரனை யார் கேட்டாங்க?"

சீதா பால்கனியில் போய் நின்றாள். கீழே பூக்காரி யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டை முடியும்வரை அங்கேயே நின்று கேட்டாள்.

காலையில் டாக்ஸி வந்து நின்றது. லிஃப்ட் நிறையப் பெட்டிகளோடு ப்ரியா மேலே வந்தாள், இளைத்துக் கறுத்திருந்தாள். மாணிக்கவாசகம் சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்துபோய்ப் பேத்தியைத் தூக்கக்கூடச் செய்தார். வலியில் அவர் கழுத்து நரம்பு புடைத்ததைச் சீதா மட்டும் பார்த்தாள்.

தீபிகா இட்லியை வாயில் வைத்துக்கொண்டே சோபாவில் தூங்கிப்போனாள். சீதா நிறுத்தாமல் பேசினாள். அப்பா தினமும் பார்க்கில் நடக்கிறார், மார்க்கெட்டுக்குப் போகிறார், டாக்டர் இந்த வயதுக்கு இரும்பு உடம்பு என்று சொன்னார். ப்ரியா எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தட்டில் வைத்த இட்லியும் அப்படியே இருந்தது.

"அப்பா, உக்காருங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு பேசணும்."

வந்துவிட்டது என்று நினைத்தாள் சீதா. மாணிக்கவாசகம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ பேசுறதுக்கு முன்னாடி நான் சொல்லிடுறேன்மா. நீ நல்லதுக்குத்தான் நெனைப்பே. ஆனா நாங்க எங்கயும் வர மாட்டோம். எந்த ஹோமுக்கும் போக மாட்டோம். நான் விழுந்தது உண்மைதான், மறைச்சதும் உண்மைதான். இன்னொரு தடவை விழுந்தாலும் இங்கயே விழுந்துக்கிறேன். இந்த வீட்டை மட்டும் விக்கச் சொல்லாதே."

ப்ரியா எழுந்து வந்து, நாற்காலியைப் பற்றியிருந்த அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விக்காதீங்கப்பா. எனக்கும் தீபிகாவுக்கும் அங்க இனிமே வீடு இல்ல."